இசைத்தட்டு முதல் ஒலிநாடா வரை: கருநாடக இசைத் தொகுப்பைத் தொடங்குவோர்க்கு ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சுவடிகளைத் தேடி ஊர் ஊராக நடந்த உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து வெளியிட்டார். ஒரு நூலை அறிய ஒரு சுவடி போதாது. பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் குறித்துக்கொண்டால்தான் நூலின் உண்மை வடிவத்தை அணுக முடியும் என்னும் தெளிவு அவர் பதிப்புகளால் தமிழுலகில் வேரூன்றியது. அதே சாமிநாதையர் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாத ஐயர் ஆகிய மூவரின் வரலாறுகளையும் எழுதினார். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சிறிது காலம் இசை பயின்றவர் அவர். எனவே அந்நூல்களில் இசைவாணர்களின் தோற்றமும் குணமும் அவை நிகழ்ச்சிகளும் கண்முன் நிற்கின்றன. குரல் மட்டும் இல்லை. மகா வைத்தியநாத ஐயர் 1893இல் மறைந்தார். அவர் பாடியதைப் பிடித்து வைக்க அக்காலத் தமிழகத்தில் கருவி ஏதும் இல்லை.

அடுத்த தலைமுறையில் கருவி வந்தது. அதன் பயனாக இன்று கருநாடக இசையைக் கேட்கத் தொடங்கும் ஒருவர் முன்னே ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகள் குவிந்து கிடக்கின்றன. எவற்றை முதலில் சேர்ப்பது என்று அவர் கேட்டால், பெரும்பாலும் விடையாகக் கிடைப்பது பெயர்ப்பட்டியல். இன்ன வித்துவானின் தோடி, இன்னவரின் கல்யாணி என்று பட்டியல் நீளும். பெயர்ப்பட்டியல் தவறானதன்று, ஆனால் அது போதாது. பாடியவர் யார் என்பதோடு, எந்தக் கருவியின் முன், எவ்வளவு நேர எல்லைக்குள், யாருக்காகப் பாடினார் என்பதும் தெரிந்தால்தான் கேட்பது என்ன என்பது விளங்கும். சுவடியின் காலமும் இடமும் அறியாமல் பாடத்தை மதிப்பிட முயல்வது போன்றதே பதிவின் வரலாறு அறியாமல் இசையை மதிப்பிடுவது. ஆகவே பதிவுகளின் வரலாற்றை முதலிற் கூறி, அவ்வரலாறு தேர்வுக்குக் காட்டும் நெறிகளைப் பின்னர்க் காண்பது பொருந்தும்.

ஒரு மரபின் நான்கு தலைமுறை

பதிவுக் கருவியின் வளர்ச்சியை ஒரே குருகுலத்தின் வழியாகக் காண முடியும். தியாகராசரின் சீடர் மரபில் வந்த பட்டணம் சுப்பிரமணிய ஐயர் 1902இல் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில்தான் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாடல்களைப் பதிவு செய்தார். இந்திய மண்ணில் அக்கம்பெனி நடத்திய முதற்பதிவுகளுள் அவை அடங்கும். சில மாத இடைவெளியில் ஒரு பெருங்குரல் கருவிக்கு எட்டாமற் போயிற்று எனலாம். சுப்பிரமணிய ஐயர் இயற்றிய கீர்த்தனைகளும் வருணங்களும் இன்றும் பாடப்படுகின்றன. அவர் பாடிய முறை சீடர் வாய்வழியே வந்த அளவில் நிற்கிறது.

அவருடைய சீடர் இராமநாதபுரம் 'பூச்சி' சீனிவாச ஐயங்கார் 1860 முதல் 1919 வரை வாழ்ந்தவர். அவர் பாடிய இசைத்தட்டுகள் சில எஞ்சியுள்ளன. இரைச்சலுக்கு நடுவே சில நிமிடங்கள் கேட்கும் குரல்தான். ஆயினும் முந்திய நூற்றாண்டில் இசை பயின்ற ஒருவர் இராகத்தை எவ்வாறு தொட்டார் என்பதற்கு அது நேர்ச் சான்று. அவர் சீடர் அரியக்குடி இராமாநுச ஐயங்கார் (1890–1967). இன்று மேடையில் காணும் கச்சேரி முறைக்கு வடிவம் தந்தவர் என்று போற்றப்படுபவர். அவருடைய இசை, தட்டிலும் வானொலியிலும் ஒலிநாடாவிலும் பல மணி நேரம் கிடைக்கிறது. அவர் சீடர் கே.வி. நாராயணசுவாமி (1923–2002) நெடுநேர இசைத்தட்டு, கேசட், குறுந்தகடு ஆகிய எல்லாவற்றிலும் பதிவானவர்.

குருவுக்கு ஒன்றுமில்லை, சீடருக்குச் சில நிமிடம், சீடரின் சீடருக்குப் பல மணி, அவருக்கும் சீடரானவருக்கு ஒரு வாழ்நாளின் இசை. இந்நான்கு படிகளிலே பதிவின் வரலாறு முழுவதும் அடங்கிவிடுகிறது. தொகுப்பைத் தொடங்குபவர் இம்மரபின் பதிவுகளை வரிசைப்படுத்திக் கேட்டால், எது குருவிடமிருந்து வந்தது, எது கருவியின் எல்லையால் நேர்ந்தது என்று பிரித்தறியும் பயிற்சி தானே கைவரும்.

மூன்று நிமிட இலக்கணம்

தொடக்ககாலப் பதிவில் மின்சாரத்துக்கு இடமில்லை. பாடுவோர் ஒரு பெரிய கொம்புக் குழலின் வாயருகே நின்று உரக்கப் பாட வேண்டும். குரலின் அதிர்வு குழலின் மறுமுனையில் உள்ள மெல்லிய தகட்டை அசைக்க, தகட்டோடு பொருத்திய ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறும். அம்மெழுகிலிருந்து அச்சு எடுத்துத் தட்டுகளை வார்ப்பர். கல்கத்தாவில் சியால்டா தொழிற்சாலை 1908இல் இயங்கத் தொடங்கும் வரை, இந்தியாவில் பதிவானவை கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று தட்டுகளாகத் திரும்பின. பாடி முடித்தவுடன் பாடகர் தம் பெயரைத் தாமே அறிவிக்கும் வழக்கம் அதனால் உண்டாயிற்று. கௌஹர் ஜான் பாட்டின் இறுதியில் தம் பெயரை ஆங்கிலத்தில் கூறுவது, மொழியறியாத ஹானோவர்த் தொழிலாளர் தட்டை அடையாளம் காண்பதற்காகவே. தட்டின் மூலப்பொருளாகிய அரக்கோ இந்தியக் காடுகளின் மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரப்பது. அரக்கும் பாட்டும் இங்கிருந்து சென்று இசைத்தட்டாகத் திரும்பி வந்தன என்பது கருதத்தக்கது.

இக்கருவி மூன்று கட்டாயங்களை விதித்தது. முதலாவது நேரம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மிகுதியாகவும், பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடத்துக்குச் சற்று மிகுதியாகவும் ஓடும். மேடையில் அரைமணி நேரம் விரியும் இராக ஆலாபனை இங்கே இரண்டு நிமிடத்தில் முடிய வேண்டும்; அல்லது முழுவதும் விடப்பட வேண்டும். சங்கதிகள் குறைந்தன, நிரவல் மறைந்தது, கற்பனைச் சுரம் ஓரிரு ஆவர்த்தனத்தில் நின்றது. இரண்டாவது ஒலி. குழல் பிடிப்பது உரத்த, மேல்நிலைக் குரலையே. மந்தரத்தில் மெல்ல இழையும் கமகமும், மிருதங்கத்தின் தொப்பி நாதமும் அதற்குச் சரிவர அகப்படவில்லை. மூன்றாவது வேகம். எழுபத்தெட்டுச் சுற்று என்று பிற்காலத்தில் பெயர் பெற்றாலும், தொடக்ககாலத் தட்டுகள் எல்லாம் அந்த வேகத்தில் பதிவாகவில்லை. நிமிடத்துக்கு 74 சுற்றில் பதிவான தட்டை 78இல் ஓட்டினால் சுருதி ஏறத்தாழ அரைக்கட்டை உயரும்; பாட்டும் விரையும். பழைய பாடகர் எல்லாரும் உச்சக் குரலில் மிக விரைவாகப் பாடினர் என்னும் கருத்து பலரிடம் நிலவுகிறது. அதற்குக் காரணம் ஓரளவு பாடகர். ஓரளவு தட்டு சுழன்ற வேகம்.

இவற்றையெல்லாம் குறையென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அகவலில் நூறடி விரித்துரைக்கக் கூடிய பொருளைக் குறள் வெண்பா ஏழு சீரில் நிறுத்துகிறது. ஏழு சீரில் நிறுத்தும் ஆற்றல் தனியானது. மூன்று நிமிடத் தட்டிலும் அத்தகைய ஆற்றலைக் கண்டவர் இருந்தனர். இராகத்தின் முகம் முதல் இரண்டு நொடியில் தெரிய வேண்டும்; பல்லவியின் சிறந்த சங்கதி எது என்று பாடகரே தேர்ந்தாக வேண்டும். ஒருவர் எதை விட்டார், எதை விடாமற் பாடினார் என்று கவனித்தால், அவர் தம் கலையின் உயிராகக் கருதியது எது என்பது புலனாகும். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் தோடியை மணிக்கணக்கில் மேடையில் கேட்டவர்கள் அக்காலத்தில் இருந்தனர். அதே தோடியைத் தட்டின் சிறிய எல்லையில் கேட்கும்போதும் அவர் அவசரப்படுவதாகத் தோன்றுவதில்லை. குறுகிய வடிவத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்பதற்கு அது போதிய சான்று.

எஞ்சிய குரலும் எஞ்சாத குரலும்

தொடக்ககாலத்தில் தட்டுக்குப் பாட முன்வந்தவர் யார் என்பது அடுத்த வினா. புகழ்பெற்ற வித்துவான்கள் பலர் தயங்கினர். பதிவு செய்தால் குரல் கெடும், ஆயுள் குறையும் என்ற அச்சம் சிலர்க்கு இருந்ததாகச் சொல்வர். மூன்று நிமிடத்தில் இசையைச் சுருக்குவது இழுக்கு என்று எண்ணியவரும், தாம் பாடியது எந்த இடத்தில் யாரால் ஒலிக்கப்படுமோ என்று கூசியவரும் இருந்தனர். இசையையும் நடனத்தையும் தொழிலாகக் கொண்ட தேவதாசி மரபுப் பெண்டிர் அவ்வாறு தயங்கவில்லை. சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோர் குரல்கள் தென்னகத்தின் முற்காலத் தட்டுகளில் ஒலித்தன.

இவர்களுள் கோயம்புத்தூர் தாயியின் தட்டுகள் கடல் கடந்தும் சென்றன. 1912ஆம் ஆண்டு வாக்கில் இந்தியப் பயணம் மேற்கொண்ட பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாஜ், தாயியின் இசையில் ஈடுபட்டு, அவர் பாடிய தட்டொன்றை ஒட்டி 'ராகமாலிகா' என்னும் பாடலை இயற்றினார். தமிழகத்து இசை வரலாற்று நூல்கள் பலவற்றில் ஒரு வரியும் பெறாத பெண்ணொருவரின் பாட்டு, பாரிஸ் நகர அரங்கில் வேறு வடிவில் வாழ்ந்தது.

தனகோடி அம்மாளின் வரலாறு இன்னும் கூர்மையானது. அவருடைய உடன்பிறந்தவரின் மகன் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934). லய நுட்பத்தில் நிகரற்றவர் என்று பக்கவாத்தியப் பெருங்கூட்டத்தோடு மேடையேறியவர். அவர் தட்டுக்குப் பாட இசையவில்லை. தனகோடி அம்மாளின் குரல் அரக்குத் தட்டில் எஞ்சியது. நாயனாப் பிள்ளையின் குரல் அவரோடு மறைந்தது. எனினும் அவர் இசை முற்றும் அழிந்துவிடவில்லை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை அவரிடம் குருகுலவாசம் செய்தவர். வீணை தனம்மாளின் பேர்த்தி தி. பிருந்தாவும் அவரிடம் பயின்றவர். இவ்விருவர் பதிவுகளில் பொதுவாக எது காணப்படுகிறதோ, அதிலிருந்து குருவின் பாணியை ஓரளவு உய்த்துணரலாம். குண்டலகேசியும் வளையாபதியும் முழுமையாகக் கிடைக்காத நிலையில், உரையாசிரியர் மேற்கோள்களையும் தொகைநூற் பாடல்களையும் கொண்டு அவற்றின் தன்மையை ஆய்வோர் அறிவதில்லையா? அம்முறையே இதற்கும் பொருந்தும்.

வீணை தனம்மாள் (1867–1938) இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்டவர். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைக் கேட்கச் சிறந்த இசைவாணர்களே வந்து அமர்வர். சிறிய அறை, மிருதங்கம் இல்லாத வீணை, இடையிடையே மெல்லிய குரல். 1930களில், அறுபது வயது கடந்த பின்னர், அவர் இசை சில தட்டுகளில் பதிவாயிற்று. அச்சில நிமிடங்களைக் கேட்பவர், இந்த இசைக்கா அவ்வளவு பெரும்புகழ் என்று முதலில் ஐயுறக்கூடும். அருகிருந்து கேட்பதற்கென்று அமைந்த நாதத்தைத் தொலைவிலிருந்து கேட்பதால் வரும் ஐயம் அது. பேர்த்தியர் பிருந்தாவும் முக்தாவும் பாடிய பதங்களை முதலிற் கேட்டுப் பழகிய செவி தனம்மாளின் தட்டுக்குத் திரும்பினால், முன்பு கேளாத நுட்பங்கள் கேட்கும்.

தமிழ்ப் பாடல்களுக்குத் தட்டுகள் அளித்த இடமும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. கச்சேரி மேடையில் தெலுங்கு, வடமொழிக் கீர்த்தனைகளே முதன்மை பெற்று, தமிழ்ப் பாடல்கள் இறுதிப் பகுதியின் துக்கடாக்களாக ஒதுங்கியிருந்த காலம் அது. 1941இல் அண்ணாமலைநகரில் கூடிய தமிழிசை மாநாடும் 1943இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கமும் அந்நிலையை மாற்ற எழுந்தவை. வீட்டில் கேட்பவர்க்கு விற்கப்பட வேண்டிய தட்டுகளிலோ அருட்பா, திருப்புகழ், நந்தனார் சரித்திரப் பாடல்கள், நாடகப் பாடல்கள் ஆகியவை முன்பே இடம் பெற்றிருந்தன. எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் இருபத்தேழு வயதில் மறைந்தபின் அவர் குரலைத் தமிழ்நாடு மறவாமல் இருப்பதற்குக் காரணம் இசைத்தட்டுகளே. தமிழிசையின் வரலாற்றை எழுதுவோர் மேடையை மட்டும் நோக்கினால் இப்பகுதி விடுபட்டுப் போகும்.

ஒலிவாங்கியும் வானொலியும்

1925இல் மேலைநாட்டில் தோன்றிய மின்வழிப் பதிவுமுறை, சில ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்தது. கொம்புக் குழலுக்குப் பதிலாக ஒலிவாங்கி நின்றது. உரக்கக் கூவ வேண்டிய தேவை நீங்கியது. மென்குரலும் மந்தரமும் பதிவாயின. எம்.எஸ். சுப்புலட்சுமி தம் பத்தாம் வயதில், 1926இல், முதல் இசைத்தட்டைப் பாடினார். டி.கே. பட்டம்மாள், ஜி.என். பாலசுப்பிரமணியம் போன்றோர் வளர்ந்ததும் ஒலிவாங்கியின் காலத்திலேதான். பட்டம்மாள் பாடிய பாரதியார் பாடல்கள் தட்டுகளின் வழியே நாடெங்கும் பரவின. இவர்கள் தலைமுறையில் தட்டு என்பது அச்சத்துக்குரிய பொருளாக இல்லாமல் புகழின் வாயிலாக மாறிவிட்டது.

சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கின. வானொலி நேர எல்லையைத் தளர்த்தியது. அரைமணியும் ஒரு மணியும் தொடர்ந்து பாடலாம். 1952இல் தேசிய இசை நிகழ்ச்சி தொடங்கியபின் ஒரு கலைஞரின் விரிவான இசை நாடு முழுவதற்கும் ஒரே நேரத்தில் எட்டியது. ஆனால் வானொலிக்கூடத்தில் அவையினர் இல்லை. தலையசைக்கும் இரசிகரும் 'பலே' என்னும் குரலும் இல்லாத அறையில், கடிகாரத்தை நோக்கிப் பாடிய இசை அது. கட்டுக்கோப்பும் சுருதித் தூய்மையும் அதன் சிறப்பு. மேடையின் துணிச்சலை அங்கே எப்போதும் எதிர்பார்க்க இயலாது. வானொலிப் பெட்டகத்திலிருந்து பிற்காலத்தில் குறுந்தகடாக வெளிவந்தவற்றை வாங்குவோர் இவ்வேறுபாட்டை மனங்கொள்ளுதல் நன்று.

எல்.பி. எனப்படும் நெடுநேர இசைத்தட்டு 1948இல் அமெரிக்காவில் அறிமுகமானது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றே கால் சுற்றுக்குச் சற்று மிகுதியாகச் சுழலும் அத்தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கும் மேல் ஓடும். கருநாடக இசையில் 1960களிலிருந்து அது செல்வாக்குப் பெற்றது. ஆலாபனை, கீர்த்தனை, நிரவல், சுரம் ஆகிய முழு வரிசையும் ஒரு பக்கத்தில் அடங்கலாயிற்று. அதே வேளையில், மிகுதியாகப் பரவியவை பக்திப் பனுவல்களே. 1963இல் வெளிவந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் இல்லந்தோறும் விடியற்காலை ஒலியாயிற்று. அரியக்குடி இசையமைத்த திருப்பாவையை எம்.எல். வசந்தகுமாரியின் தட்டு மார்கழிதோறும் கேட்கச் செய்தது. ஆண்டாள் பாசுரங்களுக்கு இன்று பலர் மனத்தில் நிலைத்துள்ள இசைவடிவம் எவ்வாறு நிலைத்தது என்று ஆராய்ந்தால், தட்டின் பங்கு பெரிதாக இருக்கும். தேவாரத்தைப் பொறுத்தவரை, தருமபுரம் ப. சுவாமிநாதனின் பதிவுகள் ஓதுவார் மரபைக் கோயிலுக்கு வெளியேயும் கேட்கச் செய்தன.

ஒலிநாடா தந்த மேடை

மேடையின் இசை அப்படியே எஞ்சுவதற்கு ஒலிநாடா வர வேண்டியிருந்தது. 1950களிலிருந்து, பெரிய சுருள் நாடாப் பெட்டிகளைச் சுமந்து கச்சேரிக்குச் சென்ற இரசிகர் சிலர் இருந்தனர். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் வெளியிட்ட சிறு கேசட், 1980களில் தமிழகத்தில் எங்கும் பரவியபோது, அவர்கள் சேர்த்தவை படியெடுக்கப்பட்டுக் கைமாறின. மதுரை மணி ஐயரின் (1912–1968) இசை இன்று பெரும்பாலும் நேரடிக் கச்சேரிப் பதிவுகளின் வழியாகவே கேட்கப்படுகிறது. அப்பதிவுகளில் இருமலும் பந்தலின் சலசலப்பும் குழந்தை அழுகையும் உண்டு. அவற்றுக்கு நடுவே சுரம் அடுக்கடுக்காக எழும்போது அவை முழுவதும் எழுந்து ஆரவாரிப்பதும் உண்டு. மூன்று நிமிடத் தட்டும் வானொலிக்கூடமும் தர இயலாதது இதுவே.

படியிலிருந்து படியெடுத்த நாடாவில் ஒலி மங்கும். அதனினும் பெரிய தீங்கு குறிப்புகள் தொலைதல். எந்த ஊர், எந்த ஆண்டு, வயலின் யார், மிருதங்கம் யார் என்பன ஒவ்வொரு கைமாற்றத்திலும் உதிர்ந்தன. ஒருவர் பாடியது மற்றொருவர் பெயரில் உலவுவதும், இராகப் பெயர் தவறாக ஏறுவதும் நேர்ந்தன. இணையம் வந்தபின் இப்பிழைகள் விரைந்து பெருகின. முன்னாளில் தொகுப்பாளரின் துன்பம் கிடைக்காமை. இந்நாளில் அவர் துன்பம் நம்பத்தகுந்ததைப் பிரித்தறிய இயலாமை.

நற்பணிகளும் நிகழாமல் இல்லை. 1994இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய இசைத்தட்டுகளையும் பாதுகாக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டமொன்றால் ஓடியன் நிறுவனத்தின் இந்தியத் தட்டுகள் எண்மமாக்கப்பட்டு, கேட்பதற்குத் திறந்து வைக்கப்பட்டன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரிமைக்காலம் வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள். ஆதலின் முற்காலத் தட்டுகளின் பதிவுரிமை முடிந்துவிட்டது. அவற்றை எவரும் தயக்கமின்றித் தொகுக்கலாம்.

தேர்வுக்கு உரிய நெறிகள்

மேற்கூறிய வரலாறு, தொடங்குவோர்க்குச் சில நெறிகளைத் தருகிறது.

முதலாவது, பல பாடல்களை ஒருவர் பாடக் கேட்பதற்கு முன், ஒரு பாடலைப் பலர் பாடக் கேட்டல். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில் மாஞ்சி இராகத்தில் அமைந்த பாடலை இதற்குக் கொள்ளலாம். கே.வி. நாராயணசுவாமி அதனைத் தமக்கே உரியதாக்கிக்கொண்டவர். அதே பாடலைப் பிறர் குரலிலும் கேட்டு ஒப்பிட்டால், எந்தச் சங்கதி மரபு, எது பாடகரின் ஆக்கம், எந்தச் சொல்லில் நின்றால் நந்தனின் ஏக்கம் மிகுகிறது என்பன விளங்கும். பாடபேத ஆய்வுக்கு இது இசையில் முதற்பாடம்.

இரண்டாவது, ஒருவரைப் பல வகைப் பதிவுகளில் கேட்டல். அரியக்குடியைப் பழைய தட்டிலும் வானொலிப் பதிவிலும் நேரடிக் கச்சேரியிலும் கேட்டால், மூன்றிலும் மாறாதது எதுவோ அதுவே அவருடைய பாணி. ஒரே வகைப் பதிவை மட்டும் கேட்பவர் கருவியின் இயல்பைக் கலைஞரின் இயல்பாக மயங்க இடமுண்டு.

மூன்றாவது, மின்பதிவுக்கு முற்பட்ட தட்டுகளில் ஒன்றிரண்டேனும் சேர்த்தல். முதல் முறை கேட்கும்போது இரைச்சலே மிகும். நான்கைந்து முறை கேட்டபின் செவி இரைச்சலை விலக்கிக் குரலைப் பற்றிக்கொள்ளும். தனகோடி அம்மாள், தாயி போன்றோர் இல்லாத தொகுப்பு, கருநாடக இசை 1930களில் மேடையேறிய ஆடவர் கையில் முழுமையாகப் பிறந்தது போன்ற பொய்த்தோற்றத்தைத் தரும். தேவதாசியராகப் பெண்களை அர்ப்பணிப்பதைத் தடுத்த சென்னை மாகாணச் சட்டம் 1947இல் வந்தது. ஒரு கொடிய வழக்கம் முடிவுற்றது நன்றே. அவ்வழக்கத்தோடு அப்பெண்டிரின் கலையும் நினைவும் சேர்ந்து மறைக்கப்பட்டன என்பதும் உண்மை. அவர்கள் பாடினர் என்பதற்கு மறுக்க முடியாத சான்று தட்டுகளே.

நான்காவது, வாய்ப்பாட்டோடு நின்றுவிடாமை. இராசரத்தினம் பிள்ளையின் நாகசுரமும் டி.ஆர். மகாலிங்கத்தின் புல்லாங்குழலும் ஓதுவார் பாடும் தேவாரமும் தொகுப்பில் இருக்க வேண்டும். சொல்லின் துணையின்றி இராகம் நிற்பதையும், பண்ணின் துணையோடு சொல் நிற்பதையும் அவை கற்பிக்கும்.

ஐந்தாவது, குறிப்பு எழுதுதல். பாடியவர், பக்கவாத்தியம், ஊர், ஆண்டு, மூலப்பதிவு தட்டா வானொலியா மேடையா, யாரிடமிருந்து பெறப்பட்டது ஆகியவற்றைப் பதிவுதோறும் குறித்தல் வேண்டும். தெரியாதது தெரியாதது என்றே எழுதப்படலாம். ஊகத்தை உண்மையாக எழுதுவதே பிழை. சுருதி இயல்புக்கு மாறாக உயர்ந்து ஒலித்தால் அதனையும் குறித்து வைப்பது பின்வருவோர்க்கு உதவும்.

இந்நெறிகளின்படி தொடங்க நூற்றுக்கணக்கான பதிவுகள் தேவையில்லை. ஒரு பாடலுக்கு நான்கு குரல், ஒரு கலைஞருக்கு மூன்று வகைப் பதிவு, முற்காலத் தட்டு இரண்டு, நாகசுரம், குழல், தேவாரம் இவற்றில் ஒவ்வொன்று என்று கொண்டால் பன்னிரண்டு பதிவுகள் போதும். பன்னிரண்டையும் நன்கு கேட்டவர்க்குப் பதின்மூன்றாவதைத் தேர்ந்துகொள்ளப் பிறர் துணை வேண்டுவதில்லை.

முடிவுரை

கரையானுக்கும் ஆற்று வெள்ளத்துக்கும் தப்பி வந்த சுவடிகளே சங்க இலக்கியத்தை நமக்கு அளித்தன. தப்பியவை எல்லாம் சிறந்தவை என்றோ, தப்பாதவை தாழ்ந்தவை என்றோ எவரும் கூறார். இசைப்பதிவுகளும் அத்தகையனவே. ஒருவர் தட்டுக்குப் பாட இசைந்தார், ஒருவர் மறுத்தார். ஒருவர் கருவி வரும் முன்பே மறைந்தார். ஒரு பெண்ணின் குரலை வாங்குவோர் விரும்பியதால் அது எஞ்சியது. அவர் பெயரைச் சமுதாயம் விரும்பாததால் அது மறக்கப்பட்டது. இந்நிகழ்ச்சிகளின் கூட்டுப்பயனே இன்று கேட்கக் கிடைக்கும் இசை.

எனவே இசைத் தொகுப்பைத் தொடங்குதல் பொழுதுபோக்கு என்ற அளவில் முடிவதில்லை. எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்பவர், எக்குரல் அடுத்த தலைமுறைக்குச் செல்லும் என்பதையும் தம் அளவில் முடிவு செய்கிறார். அரக்குத் தட்டு கைதவறினால் உடையும்; நாடா பூஞ்சை பிடிக்கும்; எண்மக் கோப்பு பெயரின்றிப் பெருவெள்ளத்தில் கரையும். குறிப்போடு கூடிய சிறு தொகுப்பு, அதனை எழுதியவருக்குப் பின்னும் பயன்படும். சுவடியின் இறுதியில் எழுதினவர் பெயரும் எழுதி முடித்த நாளும் குறித்து வைத்தனர் நம் முன்னோர். இசைப்பதிவைச் சேர்ப்போரும் அதனையே பின்பற்றுவாராயின், நாயனாப் பிள்ளையின் குரலை இழந்ததுபோல் இனியொரு குரலை இழக்கும் நிலை வாராது.